உண்ணிகளையும் கணக்கெடுங்கள்: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநர் அவர்களுக்கும், கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் இருவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். உண்ணி ஏறுவது ஆட்டிலும் நாயிலும். காய்ச்சலில் விழுவது மனிதர். நான் கேட்கப்போகும் வேலை இரண்டு துறைகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டால்தான் நடக்கும்.

கேட்பது இதுதான். மாவட்டந்தோறும் உண்ணிகளைச் சேகரித்து, அவற்றில் எத்தனையில் புள்ளிக்காய்ச்சல் (உண்ணி வழியாக மனிதருக்கு வந்து, உடம்பில் தடிப்பும் புள்ளியும் தரும் காய்ச்சல்) கிருமி இருக்கிறது, எந்த இனக் கிருமி இருக்கிறது என்று ஆண்டுதோறும் சோதியுங்கள். முடிவை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் கால்நடை மருந்தக மருத்துவரும் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி வெள்ளாடும் செம்மறியும் மிகுந்த வறண்ட வட்டாரங்களில் கழிந்தது. உண்ணியை நான் பார்க்காத நாள் இருந்திருக்காது. பசியோடு இருக்கும்போது மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. தட்டையாக, பழுப்பு நிறத்தில், நாயின் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போல உப்பிச் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு கழன்று விழுந்து, சுவர் விரிசலுக்குள்ளோ திண்ணைக் கல்லின் இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சை வெறும் கண்ணால் பார்ப்பதே கடினம். அதுவும் கடிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் மாலையில் பட்டிக்குள் உட்கார்ந்து, ஆட்டை மடியில் சாய்த்துக் காதுக்குள்ளிருந்து உண்ணி பிடுங்குவார்கள். பிடுங்கியதைப் பக்கத்துக் கல்லில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குவார்கள். குழந்தைகளும் கூடவே உட்கார்ந்து அதைச் செய்யும். கடிபட்டால்தான் நோய் என்பதில்லை. நசுங்கிய உண்ணியின் உடல்நீர் விரலில் உள்ள கீறல் வழியாகவோ, அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண் வழியாகவோ உள்ளே போய்விடக்கூடும். இதை நான் ஒவ்வொரு பட்டியிலும் சொல்லியிருக்கிறேன். அடுத்து அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "எங்கள் ஊர் உண்ணியில் அந்தக் கிருமி இருக்கிறதா, ஐயா?" இதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடுகளுக்கு உண்ணி மருந்து கேட்டு ஒருவர் வந்தார். கூடவே அவர் மனைவி, தோளில் மகள். குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. முதலில் அம்மை என்று நினைத்து, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். பிறகு மருத்துவரிடம் காட்டியபோது டெங்கு இல்லை என்று வந்தது. பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸும் இல்லை என்று வந்தது. குழந்தையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். மாநிறத் தோலில் கையிலும் முதுகிலும் மங்கலாகத் தெரிந்த புள்ளிகள் உள்ளங்காலில் தெளிவாக, கருஞ்சிவப்பாக இருந்தன. "ஆட்டில் உண்ணி இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னீர்களாம்மா?" என்று கேட்டேன். "அவர் கேட்கவில்லையே, ஐயா" என்றார் அந்தத் தாய். உடனே திரும்பிப் போய் அதைச் சொல்லச் சொன்னேன். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தது.

அந்த மருத்துவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வட்டாரத்து உண்ணிகளில் இப்படியொரு கிருமி உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாத ஒன்றை அவர் எப்படிக் கேட்பார்?

ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா வகையால், பூச்சிக்கடி வழியாக வரும் காய்ச்சல் என்றதும் நம் மாநிலத்தில் எல்லோர் கவனமும் ஸ்க்ரப் டைஃபஸ் மேல்தான் போகிறது. அது நியாயமானதே, அந்த நோய் இங்கே நிறைய இருக்கிறது, அதற்காக நீங்கள் எடுத்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் அது வேறு கிருமி, வேறு பூச்சி. புதர் மண்ணில் வாழும் ஒரு நுண்சிலந்தியின் இளம்பூச்சி கடித்து வருவது அது. புள்ளிக்காய்ச்சல் வகைக் கிருமிகள் உண்ணி வழியாக வருகின்றன. ஒன்றுக்கான எலிசா இரத்தப் பரிசோதனை மற்றதைக் காட்டிக்கொடுக்காது. பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையோ, இருக்கிற நோயையும் பலமுறை இல்லை என்று காட்டிவிடும். துல்லியமான எதிர்ப்பொருள் சோதனைகளிலும் காய்ச்சலின் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உயிரைக் காப்பாற்ற வேண்டிய நாட்கள் அந்த முதல் வாரத்தில்தான் இருக்கின்றன.

அதனால்தான், சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சந்தேகம் வந்ததுமே மருந்தைத் தொடங்கச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சந்தேகம் வர வேண்டுமே! மருத்துவரின் மனத்தில் அந்தச் சந்தேகத்தை விதைக்க வல்லது, அவருடைய வட்டாரத்து உண்ணியைப் பற்றிய தகவல்தான்.

கிருமி இங்கே இருக்கிறதா என்ற கேள்விக்கு இடமே இல்லை. புள்ளிக்காய்ச்சல் தரும் கிருமிகளில் ஒன்றான ரிக்கெட்சியா கொனோரையின் இந்திய வகை நம் நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்டது. 2006-இல், காய்ச்சலும் தடிப்புமாக வந்த ஒரு வயதுக் குழந்தையின் தோல் மாதிரியிலிருந்து புள்ளிக்காய்ச்சல் வகையில் புதிய கிருமி ஒன்றை அடையாளம் கண்டு, அதற்கு ரிக்கெட்சியா கெல்லியை என்று தற்காலிகப் பெயரும் இட்டார்கள் வேலூர் மருத்துவர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும். பிறகு வேலூரில் தடிப்புக் காய்ச்சல் நோயாளிகளிடம் மரபணுச் சோதனைகளும் நடந்தன. கடல் தாண்டி இலங்கையின் கண்டி மலைநாட்டிலும் பேராதனை மருத்துவர்கள் இந்த நோயைப் பல ஆண்டுகளாக விவரித்து வருகிறார்கள். ஆக, நோயாளிகள் பக்கமிருந்து சான்று இருக்கிறது. உண்ணி பக்கம் ஆங்காங்கே ஆய்வாளர்கள் செய்யும் வேலை ஆய்விதழோடு நின்றுவிடுகிறது. நாமக்கல்லிலோ சிவகங்கையிலோ இருக்கும் ஒரு மருத்துவரின் மேசைக்கு அது வந்து சேர்வதில்லை.

இனி எண்ணிக்கையைப் பற்றி. இதில் பிழையாகச் செய்தால் செய்யாமல் இருப்பதைவிடக் கெடுதல் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"நூறு உண்ணியில் எத்தனையில் கிருமி?" என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் கிடைத்திருக்கும் விடைகள் முதலில் குழப்பமாகவே தோன்றும். ஆப்பிரிக்காவில் கால்நடைகளில் ஏறும் சில உண்ணி இனங்களில் பாதிக்கும் மேல் ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே கிருமி இருக்கிறது. சில இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும். ஆனால் அது தரும் காய்ச்சல் மிதமானது, உயிரிழப்பு ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவில் ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சலைத் தரும் ரிக்கெட்சியா ரிக்கெட்சியையோ, அங்குள்ள உண்ணிகளில் வழக்கமாக 100-க்கு 1 கூட இருப்பதில்லை. அந்த நோய்க்குச் சரியான மருந்து கிடைக்காவிட்டால் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் அல்லது அதற்கு மேலும் இறந்துபோகிறார்கள். விகிதம் கூடுதலாக இருக்கும் இடத்தில் நோய் லேசானது. அரிதாக இருக்கும் இடத்தில் ஆளைக் கொல்லுகிறது.

ஏன் இப்படி? அந்தக் கொடிய கிருமி உண்ணிக்கும் கெடுதல் செய்கிறது. கிருமி ஏறிய உண்ணிகளில் பல அதனாலேயே செத்துப்போகின்றன, முட்டையும் குறைகிறது. ஆகவே அது உண்ணிக் கூட்டத்தில் பெருகி நிலைக்க முடிவதில்லை. அவ்வப்போது ஒரு விலங்கின் இரத்தம் வழியாகப் புதிய உண்ணிகளுக்கு ஏற வேண்டியிருக்கிறது. சாதுவான கிருமிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து குஞ்சுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கிவிடும்.

இதில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்குக் கதையை உங்கள் இரு துறைகளிலும் உள்ள இளம் அலுவலர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1906-இல் அங்கே போன ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ், நோயைப் பரப்புவது உண்ணிதான் என்று கினிப்பன்றிகளைக் கொண்டு நிறுவினார். நான்கே ஆண்டுகளில், மெக்சிகோவில் வேறொரு டைஃபஸை ஆராயும்போது அந்நோய்க்கே பலியானார். இந்தக் கிருமிக் குடும்பமே அவர் பெயரால் வழங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றின் மேற்குக் கரையில் ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். கிழக்குக் கரையில் அந்த நோய் இல்லை. உண்ணி இரு கரையிலும் ஒரே இனம்தான். விடை 1981-இல் கிடைத்தது. உண்ணியால் வரும் இன்னொரு நோயான லைம் நோயின் கிருமியைக் கண்டுபிடித்த அதே வில்லி பர்க்டோர்ஃபரின் குழு, கிழக்குக் கரை உண்ணிகளில் மிகப் பலவற்றில் மனிதருக்குத் தீங்கு செய்யாத இன்னொரு ரிக்கெட்சியா குடியிருப்பதைக் கண்டது. அது முன்பே குடியிருக்கும் உண்ணியில், கொடிய கிருமி ஏறினாலும் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கு இறங்க முடியவில்லை. அந்தச் சாதுவான கிருமிக்குப் பின்னாளில் ரிக்கெட்சியா பீகாக்கியை என்று பெயரிட்டார்கள்.

அந்த இரு கரைகளிலும் உண்ணி பிடித்து, "ரிக்கெட்சியா இருக்கிறதா இல்லையா" என்று மட்டும் சோதித்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும்? ஆட்கள் சாகாத கரை ஆபத்தானது என்றும், சாகிற கரை பாதுகாப்பானது என்றும் அறிக்கை எழுதியிருப்பார்கள்.

நம் மாநிலத்தில் அப்படி ஓர் அறிக்கை வந்துவிடக் கூடாது. எல்லா ரிக்கெட்சியாவிலும் இருக்கும் மரபணுவைத் தேடும் முதற்சோதனையோடு நிறுத்தாதீர்கள். அதில் பிடிபட்டதை, புள்ளிக்காய்ச்சல் வகைக்கே உரிய ஓஎம்பிஏ மரபணுவைக் கொண்டு மறுபடி சோதித்து, மரபணு வரிசையைப் படித்து, கிருமியின் இனப்பெயரைச் சொல்லுங்கள். பத்துப் பத்து உண்ணியாகச் சேர்த்து அரைத்துச் சோதித்தால், அப்படிச் செய்ததையும் எழுதுங்கள். ஒரு குழு நேர்மறை என்றால் அதில் குறைந்தது ஓர் உண்ணியில் கிருமி உண்டு என்றுதான் பொருள். பத்திலும் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம். விலங்கின் மேலிருந்து பிடுங்கியது எது, வெள்ளைத் துணியைப் புல்லிலும் உண்ணிச்செடிப் புதர் ஓரத்திலும் இழுத்துப் பிடித்தது எது என்று பிரித்துக் காட்டுங்கள். இரத்தம் குடித்துக்கொண்டிருந்த உண்ணியில் காணும் மரபணு, அந்த விலங்கின் இரத்தத்தில் இருந்ததாகவும் இருக்கலாம். இந்த விவரங்கள் இல்லாத விழுக்காடு ஒரு மருத்துவருக்கும் உதவாது.

விழுக்காடு சிறியதாக வந்தால் "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் 60 நாய்கள், நாய்க்கு 50 உண்ணி என்று வைத்துக்கொள்வோம். கோடையில் இது மிகையான எண்ணிக்கை அல்ல. நாய்களின் மேல் மட்டும் 3,000 உண்ணி. நூற்றுக்கு ஒன்று என்றால் கிருமியுள்ளவை 30. அவை குழந்தைகள் விளையாடும் தெருவில் இருக்கின்றன.

நாய் உண்ணியை நான் தனியே வலியுறுத்தக் காரணம் உண்டு. பெரும்பாலும் நாயை மட்டுமே நாடும் என்று பாடத்தில் படித்த உண்ணி அது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், பூர்வகுடி மக்கள் வாழும் ஊர்களில், 2002 முதல் 2004 வரை ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல் கிளம்பியபோது அதைப் பரப்பியது இந்த நாய் உண்ணிதான் என்று தெரியவந்தது. தெருவில் திரியும் நாய்கள், வீட்டு வாசலில் உண்ணி, இறந்தவர்களில் குழந்தைகள். ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள் நோய்க்குப் புதியவை என்பதால் கிருமி அவற்றின் இரத்தத்தில் ஏறி, அங்கிருந்து புதிய உண்ணிகளுக்குப் பரவியது. 2012-இல் ஓர் ஊரில் நாய்கள் எல்லாவற்றுக்கும் நெடுநாள் வேலை செய்யும் உண்ணிக் கழுத்துப்பட்டை போட்டு, வீட்டைச் சுற்றி மருந்து தெளித்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அங்கே கண்ணுக்குத் தெரியும்படி உண்ணி ஏறியிருந்த நாய்கள் 100-க்கு 1 கூட இல்லை. இதில் சேராத பக்கத்து ஊரில் 64. கொள்ளைநோயாகப் போயிருக்கக்கூடிய ஒன்றை நாய்களைக் கவனித்தே அடக்க முடிந்திருக்கிறது. கால்நடைத் துறைக்கு இதில் வேலை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வெப்பத்தையும் கணக்கில் வையுங்கள். 2021-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் ஒரு பக்கம் நாயையும் மறுபக்கம் மனிதரையும் வைத்து உண்ணியை நடுவில் விட்டுப் பார்த்தார்கள். சூடு 23 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏறியதும் நாய் உண்ணியின் விருப்பம் மனிதர் பக்கம் திரும்பியது. அதிலும் வெப்பமண்டலத்து வகை கூடுதலாகத் திரும்பியது. வேலூரிலும் கரூரிலும் 38 டிகிரி என்பது பங்குனியிலேயே வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் ஆள் எங்கே, பணம் எங்கே என்று கேட்பீர்கள். பெரிதாகப் புதிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கோமாரித் தடுப்பூசிக்காகவும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிக்காகவும் நம் கால்நடை ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போகத்தான் போகிறார்கள். பை ஒன்றில் எத்தனால் ஊற்றிய சிறு குப்பிகளும் ஓர் இடுக்கியும் கூடுதலாகக் கொண்டுபோனால் போதும். நகரங்களில் கருத்தடை அறுவைக்காகப் பிடித்துவரும் தெருநாய் மயக்கத்தில் மேசை மேல் கிடக்கிறது. காதிலிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் ஐந்து உண்ணியை எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. அப்போதே சிறிது இரத்தமும் எடுத்து எதிர்ப்பொருள் பார்த்தால், மனிதருக்கு நோய் வருமுன்பே அந்தத் தெருவைப் பற்றி எச்சரிக்கை கிடைக்கும். அரிசோனாவில் நாய்களின் இரத்தத்தை இதற்காகவே சோதித்தார்கள். உண்ணி இனத்தை அடையாளம் காண நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் துறை இருக்கிறது. கோவிட் காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நிறுவிய பிசிஆர் இயந்திரங்கள் இருக்கின்றன. கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. புதுச்சேரியில் நோய்ப்பரப்பிகளுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் வெள்ளாடு மட்டும் ஏறத்தாழ 99 லட்சம். அத்தனையையும் தலை எண்ணி முடித்த துறைக்கு, ஒன்றியத்துக்குச் சில நூறு உண்ணிகளைச் சேகரிப்பது பெரிய வேலையாக இருக்காது.

கணக்கெடுப்பு முடியும்வரை காத்திருக்கக் கூடாத சில காரியங்களும் உண்டு. தடிப்போடு காய்ச்சல் வரும் எவரிடமும் "வீட்டில் நாய், ஆடு, மாடு உண்டா, உண்ணி பிடுங்கினீர்களா?" என்று கேட்கும் ஒரு வரியைப் புறநோயாளிச் சீட்டில் சேருங்கள். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லி மருத்துவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சிறு குழந்தைக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல் கறைபடும் என்ற பழைய அச்சம் இன்னும் சில மருத்துவர்களைத் தயங்க வைக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் குறுகிய காலச் சிகிச்சையில் அந்த அச்சம் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பே எல்லா வயதினருக்கும் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைக்கிறது. அம்மை என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பவர்களிடம் அவர்கள் நம்பிக்கையை இழிவாகப் பேசாமல், "வேப்பிலை இருக்கட்டும், குழந்தையை மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்று சொல்லப் பழக்குங்கள். செவிலியர்கள் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

உண்ணியை விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ சாராயத்திலோ போடுவதைக் கால்நடை முகாம்கள் ஒவ்வொன்றிலும் செய்துகாட்டச் சொல்லுங்கள். குடற்புழு நீக்க மருந்து வாங்க வரிசையில் நிற்கும் நேரத்திலேயே இதைக் காட்டிவிடலாம்.

முதல் சுற்றை எல்லா மாவட்டங்களிலும் தொடங்க முடியாவிட்டால், வேலூர், திருப்பத்தூர், தருமபுரி, நீலகிரி ஆகிய நான்கில் தொடங்குங்கள். காடும் மேய்ச்சலும் ஊரும் ஒட்டிக்கிடக்கும் மாவட்டங்கள் இவை. மாசி முதல் ஆனி வரை ஒரு சுற்று, மழைக்குப் பின் ஒரு சுற்று. முடிவு வந்த மாதமே ஒரே பக்கத்தில் அச்சிட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் அனுப்புங்கள்: எந்த ஒன்றியம், எந்த உண்ணி, எத்தனை சோதித்தோம், எத்தனையில் எந்தக் கிருமி. எதிலும் கிருமி இல்லை என்று வந்தாலும் அதையும் அனுப்புங்கள்.

என்னைப்போல ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்கள் எல்லா வட்டத்திலும் இருக்கிறார்கள். உண்ணி பிடுங்கவும், இனம் பிரிக்கவும், குப்பியில் சீட்டு எழுதவும் இளைஞர்களுக்குக் கற்றுத்தர ஊதியம் எதுவும் கேட்கமாட்டோம். எந்த நாளில் எந்த மருந்தகத்துக்கு வர வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், குப்பிகளோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்